பக்கத்துத் தெரு எதிரி

செட்டியார்பட்டியில் இருந்து சேப்பாக்கம் ஸ்டேடியம் 500 கிலோமீட்டருக்கும் மேல். ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒரு முழு ராத்திரிப் பயணம். ஆனாலும் ஐ.பி.எல். வந்துவிட்டால் இந்தப் பக்கத்துப் பசங்களுக்கு மஞ்சள் காமாலைதான். மஞ்சள் பனியன், மஞ்சள் ஸ்டேட்டஸ், மஞ்சள் டி.பி. சென்னை ஜெயித்தால் வெடி, தோற்றால் மறுநாள் காலேஜ் பஸ்ஸில் மயான அமைதி.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தப் பசங்க யாரை எதிரி என்று நினைத்துக் கொதிக்கிறார்களோ, அந்த எதிரியை ஒருநாளும் பார்த்ததில்லை. மும்பை ரசிகன் மும்பையில் இருக்கிறான், பெங்களூரு ரசிகன் பெங்களூரில். அவன் எந்த டீக்கடையில் டீ குடிக்கிறான், அவனுக்கு அக்கா தங்கை எத்தனை பேர், எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு கணக்குப் பெயர், ஒரு படம், ஒரு கெட்ட வார்த்தை. அவ்வளவுதான்!

முகமே தெரியாத ஒருத்தன் மேல் இவ்வளவு கோபம் எப்படி வருகிறது? இதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஒரே ஊருக்குள் இருக்கும் இரண்டு அணிகளின் ரசிகர்கள், தினமும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிப்பவர்கள், எப்படிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்?

ஊர்ப் பெருமைச் சண்டை என்பது தென்மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அரை மணி நேர பஸ் தூரம். ஒன்று மில் ஊர், இன்னொன்று கோயில் ஊர். "எங்க ஊர் கோபுரம்தான்யா கவர்மெண்ட் முத்திரையிலேயே இருக்கு" என்று வில்லிபுத்தூர்க்காரர் ஆரம்பித்தால், "எங்க ஊர் நாய்க்கு 2005-லயே தபால்தலை போட்டாச்சு, தெரியும்ல" என்று ராஜபாளையத்துக்காரர் முடிப்பார். 2019-ல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் வில்லிபுத்தூர்க்காரர் கையில் இன்னொரு சீட்டு. இந்தச் சண்டையில் யாரும் செத்ததில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம். இந்த ஊர்ப் பெண் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். அந்த ஊர் மாமா இந்த ஊர் மில்லில் வேலை பார்த்திருப்பார். கிண்டல் பண்ணலாம், பகைத்துக்கொள்ள முடியாது.

இதே கதை பெரிய அளவில் அமெரிக்காவில் சிகாகோவில் நடக்கிறது. அங்கே பேஸ்பால்தான் நம்மூர் கிரிக்கெட் மாதிரி. ஊருக்குள்ளேயே இரண்டு அணிகள். வடக்கே கப்ஸ், தெற்கே வைட் சாக்ஸ். இரண்டு ஸ்டேடியத்துக்கும் ஒரே மெட்ரோ வழித்தடத்தில் போகலாம். 1906-ல் இரண்டும் உலகத் தொடர் இறுதியில் மோதின. வைட் சாக்ஸ் ஜெயித்தது. அதற்கப்புறம் இரண்டும் வெவ்வேறு லீக்கில் இருந்ததால், சாம்பியன் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் ஆட்டம் ஒன்றில் அவை மறுபடி சந்தித்தது 1997-ல்தான். தொண்ணூறு வருஷத்துக்கு மேல்! ஆனால் அந்தத் தொண்ணூறு வருஷமும் ரசிகர்கள் சும்மா இருந்தார்களா? அப்பா வடக்கு என்றால் பிள்ளையும் வடக்கு. ஆபீசில் வடக்குக்காரரும் தெற்குக்காரரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. 2005-ல் 88 வருஷம் கழித்து வைட் சாக்ஸ் சாம்பியன் ஆனபோது தெற்குக்காரர் மீசையை முறுக்கினார். 2016-ல் 108 வருஷம் கழித்து கப்ஸ் ஜெயித்தபோது வடக்குக்காரர் முறை வந்தது.

ஆட்டமே நடக்காவிட்டாலும் போட்டி இருந்தது. அப்படியென்றால் அந்தப் போட்டி மைதானத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதற்கு இந்தியாவிலேயே மிகப் பெரிய உதாரணம் கொல்கத்தா. மோகன் பகான் கிளப் 1889-ல் ஆரம்பித்தது. 1911-ல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஒரு ஆங்கிலேய ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றதால் அதற்கு நாடு முழுக்கப் பெயர். ஈஸ்ட் பெங்கால் 1920-ல் வந்தது. அது பிறந்ததே ஒரு மனக்கசப்பில்தான். ஜோராபகான் என்ற அணி மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்காள ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டது. அதே அணியின் உதவித் தலைவரான சுரேஷ் சந்திர சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறி, நண்பர்களோடு சேர்ந்து புது கிளப் தொடங்கினார். "எங்க ஆளை உட்காரவெச்சுட்டியா? இரு, தனி டீம் போடறேன்!" உள்ளூர் கபடி டீம்கள் பல இரண்டாக உடைந்த கதையும் இதேதான், இல்லையா? :-)

1947-ல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளத்தில் இருந்து வீடு வாசலை விட்டு லட்சக்கணக்கான பேர் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு 'பாங்கால்' என்று பெயர், ஏற்கெனவே இருந்தவர்கள் 'கோட்டி'. சொந்த ஊர் இன்னொரு நாடாகிவிட்டவனுக்கு அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு கிளப் எப்படித் தெரிந்திருக்கும்? அது கிளப் இல்லை, தொலைந்துபோன முகவரி. இதனால்தான் அந்தப் போட்டி மீன் சந்தை வரைக்கும் போனது. ஈஸ்ட் பெங்காலுக்கு ஹில்சா மீன், மோகன் பகானுக்கு இறால். எந்த அணி ஜெயிக்கிறதோ அந்த வீட்டில் அந்தச் சமையல். 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இரண்டும் மோதியபோது சால்ட் லேக் ஸ்டேடியத்தில் சுமார் 1,31,000 பேர்! பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது.

இதில் தென்னாட்டுக்காரர்கள் ரசிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையைக் கலக்கிய ஐந்து பேருக்கு 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தென்னிந்தியாவில் இருந்து போனவர்கள்! கிழக்கு வங்காளத்து அகதியின் மானத்தைக் காப்பாற்ற கோல் போட்டவர்களில் கிழக்கு வங்காளத்தார் ஒருவர்கூட இல்லை. யாருக்கும் அது குறையாகப் படவில்லை. ஏனென்றால் அணி ஆட்டக்காரருடையது இல்லை, ரசிகருடையது.

"அப்போ சென்னை சூப்பர் கிங்ஸும் அதே மாதிரிதானே? ஆட்டக்காரர் எந்த ஊர்க்காரரா இருந்தா என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து வருஷம் மும்பைக்கு ஆடிய ஹர்பஜன் சிங் 2018-ல் மஞ்சள் சட்டை போட்டு, தமிழில் ட்வீட் போட ஆரம்பித்ததும் இங்கே எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸரும் ஒரு ஃபோரும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்த ஜடேஜா 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டார். ரசிகர் அழுதார், ஆனால் ரசிகராகவே இருந்தார். அன்பு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் எதிரியிடம்தான் இருக்கிறது. ஈஸ்ட் பெங்கால் ரசிகனின் எதிரி அவனோடு ஒரே டிராமில் போகிறான். சென்னை ரசிகனின் எதிரி போனுக்குள் இருக்கிறான்.

கடல் தாண்டி ஒரு தமிழ் ஊரையும் பார்த்துவிடலாம். யாழ்ப்பாணம். அங்கே பரி. யோவான் கல்லூரியும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் 1904-ல் இருந்து மோதும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு 'வடக்கின் பெரும் சமர்' என்று பெயர். இரண்டு பள்ளிக்கூடமும் ஒரே நகரத்துக்குள். கொடி, பப்பரே பேண்டு வாத்தியம், ஊர்வலம், பழைய மாணவர் கூட்டம். வெளிநாட்டில் இருந்துகூட லீவு போட்டு வருவார்கள். அண்ணன் ஒரு பள்ளிக்கூடம், தம்பி இன்னொரு பள்ளிக்கூடம் என்று ஒரே வீடு இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

அந்த ஊரில் 'சமர்' என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. 1983-ல் தொடங்கி 2009 வரை நடந்த நிஜ யுத்தம். இந்த ஆட்டமே சில வருஷங்கள் அதனால் நின்றுபோனது. இப்போது இரண்டு சமரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடச் சமருக்கு மைதானம் உண்டு, எல்லைக்கோடு உண்டு, நடுவர் உண்டு. கடைசி நாள் சாயங்காலம் ஸ்டம்பைப் பிடுங்கினால் முடிந்தது, இனி அடுத்த வருஷம்தான். இன்னொன்றுக்கு இது எதுவும் இல்லை. நிஜ யுத்தத்தைப் பார்த்த ஒரு ஊர், ஒரு விளையாட்டை மட்டும் தைரியமாகச் சமர் என்று கூப்பிடுகிறது என்றால், அதற்கு எங்கே கோடு போட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதுவரை படித்தால் 'பக்கத்துத் தெரு எதிரி' ரொம்ப நல்லவன் போலத் தோன்றும். முழு உண்மை அது இல்லை.

1980 ஆகஸ்ட் 16. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் லீக் ஆட்டம். மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டார்கள், இரண்டு பேரும் வெளியேற்றப்பட்டார்கள். கேலரியில் ரசிகர்கள் கல்லெறிந்து அடித்துக்கொண்டார்கள். ஓடித் தப்பப் பார்த்த கூட்டம் நெரிந்தது. 16 பேர் செத்துப்போனார்கள். ஒரே ஊர்க்காரர்கள்தான். ஒரே பாஷைதான். முகம் தெரிந்திருந்தால் மட்டும் போதும் என்றால் அந்த 16 பேர் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டுமே?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் இரண்டு நண்பர்கள். ஒருவருக்குக் கோலி பிடிக்கும், இன்னொருவருக்கு ரோகித் சர்மா பிடிக்கும். சேர்ந்து குடித்தார்கள், பேச்சு கிண்டலானது, கிண்டல் சண்டையானது. ஒருவர் கொலை செய்யப்பட்டார், மற்றவர் கைதானார். இருவரும் முகம் தெரியாதவர்கள் இல்லை. சேர்ந்து கிரிக்கெட் ஆடிய பசங்க! அவர்கள் யாருக்காகச் சண்டை போட்டார்களோ, அந்த இரண்டு பேரும் இந்திய அணியில் ஒன்றாகச் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, முகம் தெரிவது மட்டும் காப்பாற்றாது. வேறு எது காப்பாற்றும்?

தென்மாவட்டத்தில் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டி நோட்டீஸை எடுத்துப் படித்தால் பதில் அதிலேயே இருக்கும். முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு, நுழைவுக் கட்டணம் இவ்வளவு என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் தவறாமல் ஒரு வரி இருக்கும். 'நடுவரின் தீர்ப்பே இறுதியானது.' சும்மா சம்பிரதாயத்துக்கு அச்சடித்த வரி என்று நினைத்தால் அது தப்பு. போட்டிக்கும் பகைக்கும் நடுவே இருக்கும் கோடு அந்த வரிதான். ஒரு நாள், ஒரு மைதானம், ஒரு நடுவர், ஒரு முடிவு. இது நாலும் இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். நாலில் ஒன்று கழன்றாலும் ஆபத்து. ஈடனில் கேலரிக்குள் கோடு கழன்றது. அரியலூரில் மைதானமும் இல்லை, நடுவரும் இல்லை. பாட்டில் மட்டும் இருந்தது.

ஆன்லைன் ரசிகர் சண்டையைப் பாருங்கள், இந்த நாலுமே கிடையாது. ஆட்டம் முடிந்தாலும் சண்டை முடிவதில்லை. சீசன் முடிந்தாலும் முடிவதில்லை. 2016, 2017 என்று இரண்டு வருஷம் சென்னை அணி தடையில் இருந்ததை இன்றைக்கும் ஒருவன் தோண்டி எடுத்துத் திட்டுகிறான். பெங்களூரு அணி 2025-ல் கோப்பையை ஜெயித்த பிறகும் பழைய 17 வருஷத்தைச் சொல்லி இன்னொருவன் திட்டுகிறான். ஆட்டக்காரர் சரியாக ஆடாவிட்டால் அவர் மனைவியையும் குழந்தையையும் இழுக்கிறான். இதை எழுதுகிறவன் நேரில் பார்த்தால் அநேகமாக சாதுவான பையனாக இருப்பான். ஆனால் நாளைக்குக் காலையில் அந்த எதிரியோடு ஒரே பஸ்ஸில் போக வேண்டும் என்ற கட்டாயம் அவனுக்கு இல்லை. அந்தக் கட்டாயம்தான் மனுஷனை அரை வார்த்தையோடு நிறுத்தும்.

கொல்கத்தா இந்தப் பாடத்தைப் படித்தது. 1980-க்குப் பிறகு ஆகஸ்ட் 16-ஐ கால்பந்து ரசிகர்கள் தினம் என்று வைத்து, செத்தவர்கள் நினைவாக ரத்த தானம் செய்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் 2024 ஆகஸ்டில் நடந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டதை எதிர்த்து ஊரே கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி நடக்க வேண்டிய டியூரண்ட் கோப்பை ஆட்டம், மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும், பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லை, வீட்டில் இருங்கள் என்றால் ரசிகர்கள் இருந்தார்களா? இரண்டு அணி ரசிகர்களும் அவரவர் கொடியோடு சால்ட் லேக் ஸ்டேடியம் வாசலுக்கு வந்தார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்டு ஒன்றாகக் கோஷம் போட்டார்கள், ஒன்றாக போலீஸ் தடியடி வாங்கினார்கள். நூறு வருஷமாக அடித்துக்கொண்டவர்கள் ஒரே ராத்திரியில் எப்படிச் சேர முடிந்தது? ஏற்கெனவே ஒருத்தரை ஒருத்தர் நன்றாகத் தெரியும் என்பதால்தான். முகம் தெரியாத பத்தாயிரம் பேரை அப்படிச் சேர்க்க முடியாது.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு போட்டியை உண்டாக்க முயற்சி நடக்காமல் இல்லை. 2016-ல் டி.என்.பி.எல். வந்தது. மதுரைக்கு ஒரு அணி, திண்டுக்கல்லுக்கு ஒரு அணி. 1985 வரை ஒரே மாவட்டமாக இருந்த இரண்டு ஊர். 2018 இறுதியாட்டத்தில் மதுரை திண்டுக்கல்லைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கியது. இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்குமா? ஆனால் அதன்பேரில் மதுரைக்காரனும் திண்டுக்கல்காரனும் பிரியாணிக் கடையில் வம்பு இழுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஊர்ப் பெயரைச் சட்டையில் ஒட்டிவிட்டால் ஊர்ப் பற்று வந்துவிடாது. அந்தச் சட்டைக்காக உள்ளூரில் யாராவது செருப்பு தேய நடந்திருக்க வேண்டும், சந்தா வசூலித்திருக்க வேண்டும், திட்டு வாங்கியிருக்க வேண்டும். கொல்கத்தாவிலும் யாழ்ப்பாணத்திலும் அதற்கு நூறு வருஷம் ஆனது.

அந்தச் சட்டை ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் சோகம். பக்கத்து ஊரோடு மோதும் கபடி டீம், வாலிபால் டீம், டென்னிஸ் பால் கிரிக்கெட் டீம். அங்கே எதிரணியில் ரைடு வருபவன் ப்ளஸ் டூவில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன். நடுவராக விசில் ஊதுபவர் பழைய பி.டி. சார். தோற்றால் மறுநாள் கிண்டல் உண்டு, அடுத்த வருஷம் பழி தீர்க்கவும் வாய்ப்பு உண்டு. இப்போது அந்த மைதானத்தில் ஆடுபவர்கள் இருக்கிறார்கள், சுற்றி நின்று கத்துபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கத்த வேண்டிய பையன் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு, பெங்களூரில் இருக்கும் யாரோ ஒருவனோடு ராத்திரி 2 மணி வரை சண்டை போடுகிறான்.

மஞ்சள் சட்டையைக் கழற்றிப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை (சொன்னால் ஊருக்குள் இருக்க முடியாது!). விசிலும் போடலாம். ஆனால் அந்த ரசிக வெறியில் ஒரு கால்வாசியையாவது பக்கத்து ஊர் டீமோடு மோதும் சொந்த ஊர் டீமுக்கு ஒதுக்கலாம். கோடு போட்ட மைதானத்தின் ஓரத்தில் நின்று தொண்டை வறளக் கத்திப் பழகியவனுக்கு, விசில் ஊதியதும் எப்படி நிறுத்துவது என்றும் தெரியும். மற்றதை எல்லாம் டி.வி. கற்றுத் தரும். இதை மட்டும் எதிரணிக்காரன்தான் கற்றுத்தர வேண்டும், அதுவும் பக்கத்துத் தெருவில் இருந்து வந்து.